வெறும் தேதிக்கு இது உதவாது

"நீ அவங்களுக்கு என்ன காட்டுவே?"

என் மகள் ஏழு வயதில் கேட்ட கேள்வி இது. அன்று பக்கத்து இருக்கைக்காரியின் நோட்டைப் பார்த்து எழுதியதற்காகப் பள்ளியில் அவளை அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கம்ப்யூட்டர் திரையின் இடது பாதியில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து வலது பாதியில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"நீயும் பார்த்துத்தானே எழுதறே?"

"இது பார்த்து எழுதலாம் கண்ணு. எடுத்துக்கோங்கன்னுதான் போட்டு வெச்சிருக்காங்க."

"யாரு?"

"தெரியாது."

திரையை எட்டிப் பார்த்தாள். "அவ எனக்குக் கணக்கு காட்டினா, நான் அவளுக்குப் படம் வரைஞ்சு காட்டுவேன். நீ அவங்களுக்கு என்ன காட்டுவே?"

"போய் முகம் கழுவு" என்றேன். பதில் தெரியாதபோது தாய்மார்கள் சொல்வது அதுதான்.

இணையதளங்கள் கட்டிக்கொடுப்பது என் தொழில். வெளியிலிருந்து பார்ப்பவர்கள், எல்லாவற்றையும் நாங்கள் தலையிலிருந்து எடுத்து எழுதுவதாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு பெட்டியைப் பக்கத்தின் நட்ட நடுவில் நிறுத்துவது எப்படி என்பதைப் பதினோரு வருடமாகப் பார்த்துத்தான் எழுதுகிறேன். இன்னும் மனப்பாடம் ஆனபாடில்லை. இப்படிப்பட்டவர்களுக்காகவே இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அதன் பெயர் கைப்பெட்டி. சின்னச் சின்ன நிரல் துணுக்குகள், எண் போட்டு வரிசையாக இருக்கும். நிறத்துக்கு ஒன்று, படத்தைச் சிறிதாக்க ஒன்று, மின்னஞ்சல் முகவரி சரியா என்று பார்க்க ஒன்று, தேதிக்கு நாலைந்து. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. எழுதி வைத்தவர் யார் என்று எங்கேயும் இல்லை. துணுக்குக்குக் கீழே யார் வேண்டுமானாலும் கேள்வி எழுதலாம், யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். எதற்கும் பெயர் கிடையாது. நாங்கள் அவரைக் கைப்பெட்டிக்காரர் என்போம். அவர் ஆணா பெண்ணா என்றுகூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

போன வருடம் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கு, காது டாக்டரைப் பார்க்க நாள் பதிவு செய்யும் ஃபார்ம் செய்துகொடுத்தோம். அந்த டாக்டர் வெளியூர்க்காரர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, செவ்வாய், புதன் என இரண்டே நாள் வருவார். பிறவியிலேயே காது மந்தமான குழந்தைகளுக்குக் கருவி பொருத்தி, அது எந்த அளவு சத்தத்தைக் கொடுக்கவேண்டும் என்று நிர்ணயிப்பவர் அவர் ஒருவர்தான். செவ்வாய்க்கிழமை பழைய நோயாளிகளுக்கு, நோட்டில் எழுதி. புதன்கிழமை முதல்முறை கருவி போட வரும் குழந்தைகளுக்கு, எங்கள் ஃபார்ம் வழியாக. இருபத்தாறு பேர் பதிவு செய்திருந்தார்கள். முதல் வாரம் என்பதால், சந்தேகம் கேட்க எங்கள் அலுவலக எண்ணையே கொடுத்திருந்தோம். அந்த ஃபோன் என் மேசையில் இருந்தது.

புதன்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு அது அடித்தது.

"அம்மா, காது டாக்டருக்கு இன்னிக்கு நாள் போட்டிருந்தோம். இங்க வந்தா டாக்டர் இல்லைங்கறாங்க."

"உங்களுக்கு வந்த மெசேஜ்ல என்ன தேதி இருக்குங்க?"

"இன்னிக்குத் தேதிதாம்மா. புதன்னு போட்டிருக்கு. பத்து தடவை பார்த்துட்டேன். மேசையில இருக்கறவங்க, உங்க முறை நேத்து, நேத்தெல்லாம் வராம இன்னிக்கு வந்து நின்னா எப்படின்னு சத்தம் போடறாங்க. நான் தையல்காரன்மா, அதிகம் படிக்கல. ஆனா எனக்குக் கிழமைகூடவா தெரியாது?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். உடனே இன்னொரு அழைப்பு. அடுத்து இன்னொன்று. நாலாவதாகப் பேசியது மருத்துவமனையின் பதிவு மேசைக்காரம்மா.

"என்னம்மா ஃபார்ம் செஞ்சு குடுத்தீங்க? நேத்து பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை போச்சு. இருபத்தாறு பேர்ல ஒரு ஈ காக்கா வரல. எல்லாருக்கும் வரவில்லைன்னு போட்டேன். இன்னிக்கு லிஸ்ட் வெறும் காலி. நாளைக்கு யாரும் இல்ல சார்னு டாக்டர்கிட்ட நான்தான் சொன்னேன். அவர் காலைல ஆறு மணி ரயில்ல ஏறிட்டார். இப்போ வராந்தா பூரா ஜனம்."

"அடுத்து டாக்டர் எப்போ வருவாருங்க?"

"உங்களுக்குத் தெரியாதா? மூணு மாசம்."

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. பெற்றோருக்குப் போன மெசேஜில் தேதி சரி. மருத்துவமனைப் பட்டியலுக்குப் போன தேதி மட்டும் எல்லாருக்கும் ஒரு நாள் குறைவு. பட்டியலுக்குத் தேதியை அனுப்பும் இடத்தில் ஐந்தே வரி. என்னுடைய டப்பாவிலிருந்து எடுத்த வரிகள்.

டப்பா என்றால், ஆறு வருடத்துக்கு முன் கைப்பெட்டியிலிருந்து எனக்கு வேண்டிய துணுக்குகளை எல்லாம் அள்ளி ஒரே கோப்பில் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் போய்த் தேடவேண்டாமே என்று. இந்த ஐந்து வரிகளுக்கு மேலே 'கைப்பெட்டி, தேதி, 31' என்று மட்டும் இருந்தது.

விஷயம் இதுதான். அந்த வரிகள் தேதியை உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிடும். ஃபார்மில் ஒருவர் புதன்கிழமை என்று வெறும் நாளை மட்டும் தேர்ந்தெடுத்தால், கம்ப்யூட்டர் அதைப் புதன் பிறக்கும் முதல் நொடி என்று எடுத்துக்கொள்ளும். நம் கடிகாரத்தில் புதன் பிறக்கும் அந்த நொடியில், ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய பொதுக் கடிகாரத்தில் இன்னும் செவ்வாய்தான். ஆக, இருபத்தாறு குழந்தைகளின் புதன்கிழமையும் செவ்வாய்க்கிழமையாகப் போய் விழுந்துவிட்டது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் மேல் அல்ல. நேராகக் கைப்பெட்டிக்குப் போனேன். முப்பத்தோராம் துணுக்கின் அடியில் இருந்த கட்டத்தில், மேலே கீழே எதையும் பார்க்காமல், இப்படி எழுதினேன்:

'இதை யாரும் நம்பாதீர்கள். பதிவுப் பட்டியலில் தேதி ஒரு நாள் பின்னால் போகிறது. உங்களுடைய இந்த அரைவேக்காட்டுத் துணுக்கால் இன்று இருபத்தாறு காது கேளாத குழந்தைகள் டாக்டர் இல்லாமல் நிற்கிறார்கள். தெரியாததை எல்லாம் ஊருக்கு எதற்குப் போதிக்கிறீர்கள்?'

அனுப்பிவிட்டு, நாற்காலியைத் திருப்பினால் எங்கள் டீம் தலைவர் நின்றிருந்தார். அவருக்கு அலுவலகத்தில் 'எப்போமுடியும்' என்று பெயர். வேறு எந்தக் கேள்வியும் அவர் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை.

"எப்போ முடியும்?"

"எங்க தப்புன்னு கண்டுபிடிச்சாச்சு. பத்து நிமிஷத்துல ஃபார்மைச் சரிபண்ணிடலாம். ஆனா டாக்டர் போயிட்டாரு."

"டாக்டரைப் பிடிச்சுட்டு வர்றது நம்ம வேலையில சேர்த்தி இல்லையே." தாடையைச் சொறிந்தார். "ஒண்ணு பண்ணலாம். மருத்துவமனை கம்ப்யூட்டர்ல நேரம் தப்பா வெச்சிருக்காங்கன்னு ஒரு மெயில் தட்டிவிடுவோம்."

"அப்படி இல்லைங்களே. தப்பு நம்ம கோட்ல."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

எதிர் மேசை டிசைனர் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அக்காவுக்குத் தெரிஞ்சா போதும் சார், அவங்க மூஞ்சியைப் பார்த்தே ஊருக்கெல்லாம் தெரிஞ்சுடும். அவங்களை வெச்சுக்கிட்டு நீங்க ஒரு பொய்யும் சொல்ல முடியாது."

தலைவர் தன் இடத்துக்குப் போய்விட்டார். மெயில் அனுப்பவும் இல்லை. அந்த மனிதரைப் பற்றி அதற்கப்புறம் நான் குறைத்துப் பேசுவதில்லை.

திரைக்குத் திரும்பினேன். நான் திட்டி எழுதி பன்னிரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, கீழே பதில் வந்திருந்தது:

'மன்னியுங்கள். எச்சரிக்கையை இன்னும் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். உங்களுக்கு இப்போது அவசரம் என்று தெரிகிறது. பட்டியலில் ஏற்கெனவே தவறாக விழுந்த தேதிகளை மட்டும் சரியான நாளுக்கு நகர்த்த ஆறு வரிகள் கீழே கொடுத்திருக்கிறேன். மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். இருந்தாலும், முதலில் பட்டியலை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு நல்லது நடக்கட்டும்.'

எச்சரிக்கையா? என்ன எச்சரிக்கை? பக்கத்தை மேலே தள்ளிப் பார்த்தேன். துணுக்கின் தலையிலேயே, முதல் வரியாக, பச்சை எழுத்தில் இருந்தது:

'வெறும் தேதிக்கு இது உதவாது. நேரமும் சேர்ந்திருந்தால் மட்டும் பயன்படுத்தவும். வெறும் தேதிக்கு 32ஆம் துணுக்கு.'

எழுதிய நாளும் பக்கத்தில் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தையது.

நிரலில் இப்படிப் பச்சை வரிகள் எழுதுவது வழக்கம். கம்ப்யூட்டர் அவற்றைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். மனிதர்கள் மனிதர்களுக்கு எழுதி வைப்பவை அவை. ஆறு வருடத்துக்கு முன் டப்பாவை நிரப்பியபோது, இடத்தை அடைக்கிறதே என்று மொத்தக் கோப்பையும் 'சுருக்கி' என்கிற கருவியில் போட்டேன். அது பச்சை வரிகளை எல்லாம் வழித்தெடுத்து, வேலை செய்யும் வரிகளை மட்டும் விட்டுவைத்தது. நமக்கு வேண்டியது வேலை செய்யும் வரிதானே என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தத் துணுக்கை அதற்கு முன் ரசீதுகளுக்குத்தான் பயன்படுத்தியிருந்தேன். ரசீதில் நேரமும் இருக்கும், எல்லாம் பட்டப்பகலில் போடுவது. அதனால் ஆறு வருடம் ஒரு குறையும் தெரியவில்லை.

ஒருவர் வேலை மெனக்கெட்டு எனக்காக எழுதி வைத்த ஒரே வார்த்தையை நானே உரித்துப் போட்டுவிட்டு, ஏன் சொல்லவில்லை என்று அவரையே ஊரறியத் திட்டியிருக்கிறேன். அவர் எனக்கு ஆறு வரி எழுதி, மூன்று முறை ஓட்டியும் பார்த்திருக்கிறார்.

நகல் எடுத்தேன். ஆறு வரிகளையும் போட்டேன். இருபத்தாறு பெயர்களும் செவ்வாயிலிருந்து புதனுக்கு, கட்டளைக்குக் கீழ்ப்படிந்த பிள்ளைகளைப் போல, வரிசையாக நகர்ந்தன. ஃபார்மில் முப்பத்திரண்டாம் துணுக்கைப் பொருத்தினேன். பத்தரை மணிக்கு எல்லாம் சரியாக இருந்தது. டாக்டர் மட்டும் இல்லை.

உட்கார்ந்திருக்க முடியவில்லை. மருத்துவமனை இருபது நிமிட நடை. போய் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வழியெல்லாம், கடவுளே, அந்த ரயில் எங்கேயாவது நின்றுபோகட்டும் என்று வேண்டிக்கொண்டு போனேன். பிறகு, அந்த ரயிலிலும் யாராவது அவசரமாகப் போய்க்கொண்டிருப்பார்களே என்று தோன்றி, வேண்டுதலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

காதுப் பிரிவின் வராந்தாவில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் பெரிய முயல் ஒன்று வரைந்திருந்தார்கள். ஒரு காதில் பெயிண்ட் உரிந்துபோயிருந்தது. நாற்காலிகள் நிறைந்து, தரையிலும் ஆட்கள். அத்தனை குழந்தைகள் இருந்தும் அந்த வராந்தாவில் பெரியவர்களின் சத்தம்தான் இருந்தது.

"அந்த ஃபார்மைச் செஞ்சது நான்தாங்க" என்றேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "நீங்க சரியான நாளுக்குத்தான் வந்திருக்கீங்க. தப்பு உங்க பேர்ல இல்ல. என் பேர்ல. இப்போ அதைச் சரிபண்ணிட்டேன்."

கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்: "சரிபண்ணிட்டீங்கன்னா, டாக்டர் வந்துட்டாரா?"

"இல்லைங்க."

"அப்போ என்னத்தைச் சரிபண்ணீங்க?"

கையிலிருந்த மடிக்கணினியை மார்போடு பிடித்துக்கொண்டேன்.

பின்னால் யாரோ கத்தினார்கள். விடியற்காலை பஸ் பிடித்து வந்ததை ஒருவர் சொன்னார். லீவு கிடைக்காமல் வேலையையே விட்டுவிட்டு வந்ததாக இன்னொருவர். நான் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய? என் மடிக்கணினியைத் திறந்தால் இருபத்தாறு பெயர்களும் இன்றைய தேதியில் பிசகில்லாமல் நிற்கும். அதை யாரிடம் காட்டுவது?

சுவரோரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். "உட்காருங்கம்மா. காலைல உங்ககிட்டதான் ஃபோன்ல பேசினேன்னு நெனைக்கிறேன்."

தையல்காரர். பக்கத்தில் அவர் மனைவி. அவர் காலைக் கட்டிக்கொண்டு ஐந்து வயதுப் பெண் ஒன்று. புத்தம்புதுச் சட்டை, நெஞ்சுக்கு நேரே, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பை, அதற்கு மூடி, மூடிக்கு ஒரு பொத்தான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அந்தச் சிறுமி பொத்தானை அவிழ்த்து, பைக்குள் இருப்பதை எனக்குக் காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை.

"கருவியோட டப்பா வைக்கத் தெச்சேன்" என்றார் அவர். "கைல குடுத்தா எங்கேயாவது போட்டுட்டு வந்துடுவா. உங்க வீட்டுக் குழந்தைன்னாலும் அப்படித்தானே?"

"என்னை மன்னிச்சிடுங்க."

"விடுங்கம்மா. நான் ஒரு தடவை கல்யாணச் சட்டைக்கு வலது கையை இடதுல வெச்சுத் தெச்சுட்டேன். மாப்பிள்ளை போட்டுட்டு வந்து, கையைத் தூக்கவே முடியாம நிக்கறான். தப்பு செய்யற அன்னிக்கு நம்ம கண்ணுக்கு அது சரியாத்தானே தெரியுது?"

அவர் மனைவி சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: "சட்டைன்னா பிரிச்சுத் தெக்கலாம். இவளுக்கு வயசு அஞ்சாச்சு. இப்பவே லேட்டுன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. இன்னும் மூணு மாசம் நாங்க கூப்பிடறதே இவளுக்குத் தெரியாம இருக்கணும்."

அந்த மூன்று மாதம்தான் என் கையை விட்டுப் போயிருந்தது. எந்தத் துணுக்காலும் அதை நகர்த்த முடியாது.

பதிவு மேசைக்காரம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபோனை எடுத்தார். டாக்டருக்கு அடித்தார். ரயிலில் சிக்னல் இல்லை. திரும்ப அடித்தார். ஐந்தாவது முறை கிடைத்தது. வராந்தாவே அடங்கியது. அவர் ஒலியைக் கூட்டி வைத்ததால் டாக்டர் பேசியது எங்களுக்கும் கேட்டது.

"லிஸ்ட் காலின்னு நீங்கதானே சொன்னீங்க?"

அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார், சொல்லட்டும் என்று நின்றேன்.

"ஆமா சார். நான்தான் சொன்னேன். ஒரு ஃபோன் போட்டு பிள்ளைங்க வீட்ல கேட்டிருக்கணும், கேக்கல. தப்பாப்போச்சு. இருபத்தாறு பிள்ளைங்க சார்."

ரயில் ஓசைக்கு நடுவே டாக்டர் சொன்னார்: "லிஸ்ட் காலின்னதும் அடுத்த ஊர்ல நாப்பது குழந்தைங்களை மதியம் ஒரு மணிக்கு வரச்சொல்லிட்டேன். அவங்களை விட்டுட்டு இறங்கி வரமுடியாது."

"தெரியும் சார்."

"இந்த ஞாயிறு ஆகாது. அதுக்கு அடுத்த ஞாயிறு பார்க்கிறேன். உறுதியா சொல்லமாட்டேன். பார்க்கிறேன்."

அவ்வளவுதான். 'பார்க்கிறேன்' என்கிற ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு இருபத்தாறு குடும்பங்களும் எழுந்தன. பைகளைத் தேடின, செருப்புகளைத் தேடின. தையல்காரரின் மகள் போகும்போது முயலின் உரிந்த காதைத் தொட்டுவிட்டுப் போனாள்.

"நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று பதிவு மேசைக்காரம்மாவிடம் கேட்டேன்.

"ஃபார்ம் கோளாறுன்னு சொன்னா, யாரு என்னன்னு கேட்டு முடிக்கறதுக்குள்ள சிக்னல் போயிடும்" என்றார், நோட்டைப் புரட்டிக்கொண்டே. "தண்ணி அங்க இருக்கு, குடிங்க. குடிச்சுட்டுப் போய் அந்த ஃபார்மை இன்னொரு தரம் பாருங்க."

அதற்கப்புறம் பதினோரு நாள். வேலை செய்தேன், சமைத்தேன், மகளுக்குத் தலை பின்னினேன். எதைச் செய்தாலும், ஒன்றும் இல்லாத அந்தச் சட்டைப் பை கண்ணில் நின்றது. மருத்துவமனையைக் கூப்பிட்டுக் கேட்கவும் தைரியமில்லை. நாள் தவறாமல் விளக்கேற்றிக் கும்பிட்டேன். என்னால் முடிந்ததெல்லாம் அதுதான். அது முடிகிறதே என்று அதற்கும் நன்றி சொன்னேன்.

அந்த ஞாயிறு மதியம் ஒரு மணிக்குப் பதிவு மேசைக்காரம்மா ஃபோன் செய்தார்.

"வந்தாரும்மா. அவர் வீட்ல ஏதோ விசேஷமாம், அதை விட்டுட்டு வந்திருக்காரு. இருபத்துநாலு பேர் முடிஞ்சது."

"அந்தத் தையல்காரர் பொண்ணு?"

"பை வெச்ச சட்டைதானே? அதே சட்டைதான் இன்னிக்கும். கருவியை மாட்டினதும் அது முதல்ல கேட்டது எங்க மின்விசிறியைத்தான். அந்தக் கடகடாவைக் கேட்டு மிரண்டு போய் அப்பா காலுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிச்சு. அவங்கம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. திரும்பிப் பார்த்துச்சு."

நான் அழுதுகொண்டே கேட்டேன். "மீதி ரெண்டு பேர்?"

"ஒருத்தர் ஃபோனை எடுக்கவே இல்ல. இன்னொருத்தர், மறுபடி அவ்வளவு தூரம் வரமுடியாதுன்னுட்டாரு. மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

மறுநாள் நானும் அந்த இரண்டு எண்களுக்கும் கூப்பிட்டேன். ஒன்று அணைந்தே கிடந்தது. மற்றதில், "வேணாம்மா, விடுங்க" என்றது ஓர் ஆணின் குரல், கோபமே இல்லாமல். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த இரண்டு குழந்தைகளின் பெயர்களையும் என் கும்பிடலில் சேர்த்துக்கொண்டேன். இன்றுவரை அவற்றை நீக்கவில்லை.

கைப்பெட்டிக்குப் போய், நான் திட்டியதற்குக் கீழேயே எழுதினேன்: 'தவறு என்னுடையது. எச்சரிக்கை முதல் வரியிலேயே இருக்கிறது. அதை உரித்து எறிந்தது நான்.' திட்டை அழிக்க அந்தப் பக்கத்தில் வழியில்லை. அது அங்கேயே இருக்கட்டும் என்று எனக்கும் பட்டது. பிறகு என் டப்பாவைத் திறந்து, ஆறு வருடம் சேர்த்ததை முழுவதும் அழித்தேன். இப்போதெல்லாம் எது வேண்டுமானாலும் போய், பச்சை வரியோடு சேர்த்துப் படித்துவிட்டுத்தான் எடுக்கிறேன். தலைவர் வந்து எப்போ முடியும் என்கிறார். இன்னும் ஒரு வரி படிக்கவேண்டியிருக்கிறது என்கிறேன்.

ஆனால் நன்றி சொல்லிவிட்டேனா என்றால், இல்லை. பதில் எழுதியவருக்குப் பெயர் இல்லை, முகவரி இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது? விடிகாலையில் மகள் எழுவதற்கு முன்னால் கைப்பெட்டியைத் திறந்து, கேள்விகள் கிடக்கும் இடத்தைப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் எனக்கு முன்பே யாராவது பதில் சொல்லியிருப்பார்கள்.

போன வாரம் ஒரு காலை, எண்பத்தேழாம் துணுக்கின் கீழே, புதிதாக ஒன்று இருந்தது. அது படங்களைச் சிறிதாக்கும் துணுக்கு.

'என்ன எழவு இது? பள்ளி ஆண்டு மலருக்கு நூறு பிள்ளைகளின் படத்தை ஏற்றினேன். எல்லாப் பிள்ளைகளும் தலைகீழாகத் தொங்குகின்றன. எட்டரைக்குத் தலைமையாசிரியர் பார்க்க வருகிறார். இதெல்லாம் ஒரு துணுக்கா? வெட்கமாக இல்லை?'

மேலே தள்ளிப் பார்த்தேன். பச்சையில் முதல் வரி: 'ஃபோனில் எடுத்த படம் என்றால் முதலில் 86ஆல் நிமிர்த்திக்கொள்ளவும்.' அவரும் உரித்திருக்கிறார்.

கேள்வி வந்து ஒன்றரை மணி நேரமாகியும் பதில் இல்லை. மணி ஐந்தேமுக்கால்.

ஏற்றிவிட்ட படங்களை நிமிர்த்துவதற்கு ஒன்பது வரி தேவைப்பட்டது. என் ஃபோனில் இருந்த மகளின் படங்களை எடுத்து, தலைகீழாக்கி, ஓட்டிப் பார்த்தேன். ஒரு முறை. இரண்டு முறை. மூன்றாம் முறையில், பக்கவாட்டில் பிடித்து எடுத்த ஒரு படம் மட்டும் கோணலாக வந்தது. அதற்கு இன்னொரு வரி சேர்த்து, முதலிலிருந்து மூன்று முறை ஓட்டினேன். எல்லாவற்றிலும் மகள் நிமிர்ந்து நின்று பல்லைக் காட்டினாள்.

பிறகு அந்தக் கட்டத்தில் எழுதினேன்:

'மன்னியுங்கள். எச்சரிக்கையை இன்னும் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். எட்டரைக்குள் முடிந்துவிடும், கவலைப்படாதீர்கள். பத்து வரிகள் கீழே. முதலில் படங்களை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.'

அனுப்பும்போது விரல் ஒரு கணம் நின்றது. இதைப் படிப்பவர், எழுதியது கைப்பெட்டிக்காரர் என்றுதான் நினைப்பார். அப்படியானால் அன்று எனக்கு எழுதியது? அவரேதானா, அல்லது எங்கோ ஒரு வீட்டில், எப்போதோ யாரையோ திட்டிவிட்ட இன்னொருவரா? தெரியவில்லை. தெரியவேண்டும் என்றும் தோன்றவில்லை.

அனுப்பினேன். பச்சை எழுத்துகளுக்குக் கீழே, பெயரில்லாமல், அது போய் உட்கார்ந்துகொண்டது.

பக்கத்து அறையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று கேட்டாளே, இதோ என்று எழுப்பிக் காட்டலாமா என ஒரு நிமிடம் ஆசை வந்தது. கணினியை மூடிவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனேன்.